பீரியட்ஸ் நின்றால் முதலில் எடையைப் பாருங்கோ

தங்கச்சிக்குப் பீரியட்ஸ் நின்றதற்குக் காரணம் அவளுடைய எடைதான் என்று தெரியவர அரை வருஷத்துக்கு மேல் போய்விட்டது. முதல் நாளே தராசில் ஏற்றியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உயர்தரம் இரண்டாம் முறை எடுக்கிறதுக்காக வவுனியாவில் போடிங்கில் இருந்து படித்தவள். காலையில் பிளேன்ரீ, இரவில் பிஸ்கற். சோறு சாப்பிட்டால் நித்திரை தூக்குதாம். 52 கிலோ இருந்த பிள்ளை தைப்பொங்கலுக்குக் கிளிநொச்சிக்கு வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. மூன்று மாதமாக வரவில்லை என்று அப்போதுதான் என் காதுக்குள் சொன்னாள்.

முதலில் போன தனியார் இடத்தில் துண்டு எழுதுகிற பிள்ளை, இருக்கிற சனம் எல்லாருக்கும் கேட்க, "கலியாணம் முடிச்சதோ? பிள்ளை கிள்ளை தங்கியிருக்கோ எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். கர்ப்பப் பரிசோதனை கட்டாயம் செய்யத்தான் வேணும், அதில் குறை இல்லை. ஆனால் அதை உள்ளே கூப்பிட்டுக் கேட்கலாம். அதற்குப் பிறகு டொக்டரிடம் போவம் என்றாலே தங்கச்சி அழத் தொடங்கிவிடுவாள்.

ஸ்கானில் சூலகத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரியுது என்றார்கள். டொக்டர் நிமிர்ந்து பார்க்காமலே பி.சி.ஓ.எஸ். (சூலகத்தில் நீர்க்கட்டிகளோடு வருகிற ஹோர்மோன் கோளாறு) என்று எழுதி, "மாச்சாப்பாட்டைக் குறையுங்கோ, உடம்பைக் குறையுங்கோ" என்றார். எலும்பும் தோலுமாக முன்னால் இருந்த பிள்ளையிடம் சொன்ன வார்த்தை இது. சாப்பாடு குறைந்து பீரியட்ஸ் நின்றவர்களுக்கும் ஸ்கானில் அப்படித் தெரியலாம். ஸ்கானை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. தங்கச்சி அதைச் சாட்டாக வைத்து மிச்சமிருந்த சாப்பாட்டையும் விட்டாள்.

கூடவே ஹோர்மோன் குளிசையும் தந்தார். குளிசை முடிய இரத்தம் பட்டது. அம்மா புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு வைத்த நேர்த்தி பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டா. குளிசையை விட்டதும் திரும்ப ஒன்றுமில்லை. அந்த இரத்தம் குளிசையால் வருவது. உடம்பு தன் வேலையைத் திரும்பத் தொடங்கியதற்கு அது அடையாளமில்லை. எலும்பையும் அது காப்பாற்றாது.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி. நாங்கள் விடிய வெளிக்கிட்டுப் போன கிளினிக் நாள் போயாவாகிப் போனதால் ஒரு நாள் மினக்கேடு. அடுத்த முறை, கடிதம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். முதல் டொக்டரின் கடிதமும் ஸ்கான் றிப்போட்டும் அந்தத் தனியார் இடத்திலேயே கிடந்தன. எந்தத் தாளையும் ஒரு இடத்தில் விட்டுவிட்டு வராதேங்கோ. குறைந்தது போனில் படம் எடுத்து வையுங்கோ.

கடைசியில் உள்ளே போனோம். நேர்ஸ் அக்கா ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றச் சொல்லித் தராசில் ஏற்றினா. 41 கிலோ. உயரம் 158 சென்ரிமீற்றர். உயரத்துக்கு ஏற்ற எடையோ என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கு 16.4, அது 18.5க்குக் கீழே போனாலே குறைவு. டொக்டர் அம்மா அவளுடைய விரல்களைப் பிடித்தபடி, "எப்பவும் இப்பிடித்தான் குளிருமோ?" என்று கேட்டா. தங்கச்சி தலையாட்டினாள். அவ்வளவு காலமும் ஒருத்தரும் அவளிடம் கேட்காத கேள்வி.

இரத்தப் பரிசோதனையில் தைரொயிட், பால் சுரக்க வைக்கிற ஹோர்மோனான புரோலக்டின் இரண்டிலும் பிழை இல்லை. சூலகத்தை வேலை செய்ய வைக்கக் கபச்சுரப்பி அனுப்புகிற ஹோர்மோன்கள் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும். அதில் எல்.எச். குறைவு, சூலகம் சுரக்கிற ஈஸ்ட்ரோஜனும் குறைவு. எஃப்.எஸ்.எச். கூடவில்லை, அதனால் சூலகம் பழுதாகவில்லை என்று விளங்கப்படுத்தினா. பழுது மேலே, மூளையில் இருந்து வருகிற கட்டளையில். கொழுப்பு குறைய லெப்ரின் என்ற ஹோர்மோனும் குறையும். உடம்பில் கையிருப்பு இல்லை என்று மூளையில் இருக்கிற ஹைபோதலமஸ் என்ற பகுதி கண்டுபிடித்து, அதற்குக் கீழே இருக்கிற கபச்சுரப்பிக்கு விட்டுவிட்டு அனுப்புகிற சமிக்ஞையை மந்தமாக்கிவிடும். சூலகம் சும்மா இருந்துவிடும். இரணைமடுக் குளத்தில் தண்ணி காணாவிட்டால் சிறுபோகத்துக்கு ஏக்கரைக் குறைக்கிற மாதிரித்தான் என்று எனக்கு விளங்கியது. ஆம்பிளையளுக்கும் இப்படி மெலிந்தால் டெஸ்ரொஸ்ரரோன் குறையும்.

வீட்டில் வந்து இதைச் சொல்ல அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு, "2009இல மெனிக் பாமில இருக்கேக்க எனக்கும் கன மாசம் நிண்டதடி. ஆர் கேட்டது அப்ப?" என்றா. போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த முகாம் அது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45இல், நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோதும் கனபேருக்கு இப்படி நின்று பிறப்புகளும் குறைந்தன. அதைப் படித்துக் காட்டினேன். "அப்ப எங்கட உடம்பில பிழை இல்லை" என்றா.

சரியான மெலிவில் இருக்கிற பிள்ளைக்கு ஒரேயடியாக அள்ளித் தீத்தாதேங்கோ. இரத்தத்தில் பொஸ்பேற்று, பொற்றாசியம் சடாரென்று இறங்கி இதயத்துக்கே ஆபத்து வரலாம். டொக்டர் சொன்ன கணக்கில் கூட்டுங்கோ. எங்களுக்கு மனநலக் கிளினிக்குக்கும் துண்டு தந்தார்கள். சொந்தங்கள் என்ன சொல்லும் என்று அம்மா தயங்கினா, நான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போன பிறகுதான் தங்கச்சி மத்தியானம் சோறு சாப்பிடத் தொடங்கினாள்.

எடை 50ஐத் தாண்டி, அதற்கும் சில மாதம் கழித்து, குளிசை இல்லாமல் தானாக வந்தது. நிற்கும்போது இருந்த எடையை விடச் சற்றுக் கூட வேண்டிவரலாம் என்று டொக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தா, அதனால் நாங்கள் பதறவில்லை. எலும்பின் அடர்த்தி பார்க்கிற ஸ்கான் இன்னும் இருக்கிறது.

கலியாணம் கட்டினவைக்கு ஒன்று: எடை ஏறும்போது திரும்ப முதல் பீரியட்ஸ் வருவதற்கு முன்பே சூலகத்தில் இருந்து முட்டை வெளிவந்து பிள்ளை தங்கலாம். வரவில்லைத்தானே என்று நம்பியிருக்காமல், கருத்தடையைப் பற்றி கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கோ.