எங்கே நிற்கிறது?

2025 ஜனவரிக் கடைசியில் டெல்லிக்குப் போய் இறங்கினேன். எம்.ஏ. அரசியல் அறிவியல், நான்காம் செமஸ்டர் முழுக்கப் பயிற்சி. தென்மாவட்டத்து மக்களவை உறுப்பினர் ஒருவரின் நார்த் அவென்யூ வீட்டில் முன்னறைதான் அலுவலகம். முனிர்காவில் ரூம் எடுத்து, ஹௌஸ் காஸில் மெட்ரோ மாறி, சென்ட்ரல் செக்ரட்டேரியட்டில் இறங்கிக் குளிரில் நடந்து போவேன். பட்ஜெட் கூட்டத்தொடர் 31-ஆம் தேதி தொடங்கியது. நாடாளுமன்றத்தைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்த எனக்கு முதல் நாள் கிடைத்த வேலை, தொகுதியிலிருந்து வந்த தபால்களைப் பிரித்து அடுக்குவது.

பாதிக் கடிதங்கள் ரயில் நிறுத்தம், கேந்திரிய வித்யாலயா சீட், மருத்துவ உதவி. அவற்றுக்கு இடையில் ஒரு கோடு போட்ட நோட்டுத்தாள். பென்சிலில் கோடு இழுத்து, அதன்மேல் நீல மையில் எழுதிய பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. கீழே ஓர் அப்பத்தாவின் கைநாட்டு. கூடவே நூறு நாள் வேலை அட்டையின் ஜெராக்ஸ், நாலாக மடித்தது. பேத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று புரிந்தது. கண்மாய் வேலைக்குப் போனது, நவம்பர் கடைசியிலிருந்து கூலி ஏறாதது, பேங்குக்கு நாலு தடவை நடந்தது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே வரி: "எங்க காசு எங்க நிக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அது அந்த ஒருவருடைய கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவை என்று முதலமைச்சர் அந்த ஜனவரியில்தான் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் அம்மாவும் நூறு நாள் வேலைக்குப் போனவர். ஆகவே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆத்திரத்தோடு உட்கார்ந்து, எம்.பி. அவையில் அரசிடம் கேட்பதற்காக ஒரு கேள்வி எழுதினேன். "ஏழைகளின் உழைப்பைச் சுரண்டும் வகையில் கூலி அநியாயமாக நிறுத்தப்பட்டிருப்பது அரசுக்குத் தெரியுமா?" என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு.

எம்.பி.யின் செயலாளர் இருபது வருடத்துக்கு மேல் டெல்லியில் இருப்பவர். சத்தம் போட மாட்டார். பேனாவை எடுத்து "அநியாயமாக" என்ற சொல்லை முதலில் அடித்தார். கேள்வியில் வாதம் இருக்கக்கூடாது, குற்றச்சாட்டு இருக்கக்கூடாது, 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவைச் செயலகத்திலேயே தள்ளுபடி ஆகிவிடும். பிறகு "தெரியுமா" என்பதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"தம்பி, தெரியுமான்னு கேட்டா 'இல்லை'ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுருவாங்க. அப்புறம் மிச்சப் பிரிவு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பதில்தான், 'கேள்வி எழவில்லை'. அந்த அம்மா எவ்வளவு சரியாக் கேட்டிருக்காங்க பாருங்க. எங்க நிக்குதுன்னு கேட்டிருக்காங்க. அதைக் கேளுங்க."

அன்று இரவு ரூமுக்குப் போகவில்லை. வேலை அட்டை எண்ணைத் திட்டத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு வாரத்து வேலைக்கும் வருகைப் பட்டியல் எண், தொகை, நிதிப் பரிமாற்ற ஆணையின் எண், தேதி எல்லாம் இருந்தது. கூலி இரண்டு கட்டமாக நகர்ந்தது. ஊராட்சி ஒன்றியத்தில் கணக்கு முடித்து ஆணை போடுவது முதல் கட்டம், மாநிலத்தின் பொறுப்பு. ஆணை போட்ட பிறகு பணத்தை நேரே அவர் கணக்கில் ஏற்றுவது இரண்டாம் கட்டம், மத்திய அரசின் பொறுப்பு. கண்மாய்க் கரையில் மண் சுமந்த வாரங்களுக்கெல்லாம் ஆணை ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது. ஒரு வாரமும் வரவாகவில்லை.

நூறு நாள் வேலைக்கு அப்போதிருந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டியிருந்தது. தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். ஆறு நாள் வேலைக்கு 1,914. அதற்கு ஒரு நாள் இழப்பீடு 96 காசு. அந்த 96 காசைக்கூட முதல் கட்டத் தாமதத்துக்கு மட்டுமே கணக்கிட்டு வந்தார்கள். இரண்டாம் கட்டத்துக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. விடியும்போது என் கேள்வியில் உரிச்சொல் ஒன்றும் இல்லை. மாநிலவாரியாக, இந்தத் தேதி நிலவரப்படி, ஆணை போட்டும் ஏறாத கூலி எவ்வளவு? அதில் 15 நாள் கடந்தது எவ்வளவு? இரண்டாம் கட்டத் தாமதத்துக்குக் கொடுத்த இழப்பீடு எவ்வளவு? காரணம் என்ன?

நோட்டீஸ் கொடுத்து 15 முழு நாள் காத்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு, அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்லும் ஸ்டார்டு கேள்வி 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் அன்ஸ்டார்டு 230. எல்லாம் பேலட்டில் குலுக்கி வருவது. ஊரக வளர்ச்சித் துறையின் முறை செவ்வாய்க்கிழமை. முதல் தடவை எங்கள் எண் வரவில்லை. இரண்டாவது தடவை அன்ஸ்டார்டில் வந்தது.

மார்ச் 25, செவ்வாய். அன்று கேள்வி நேரத்திலேயே இந்தக் கூலி விவகாரம் எழுந்தது. தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே நிறைய நிதி போயிருக்கிறது என்று இணையமைச்சர் சொல்ல, எதிர்க்கட்சியினர் எழுந்து நிற்க, அவை ஒத்திவைக்கப்பட்டது. நான் அலுவலகத்தில் சன்சத் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மதியம் எங்கள் கேள்விக்கான பதில் இணையத்தில் ஏறியது. இணைப்பில் மாநிலவாரி அட்டவணை, அதில் தமிழ்நாட்டின் வரி. காரணத்துக்கு மட்டும், நிதி விடுவிப்பு ஒரு தொடர் நடவடிக்கை என்ற பத்தி. இழப்பீட்டுக்கு நேரான பதில் இல்லை. செயலாளர் அட்டவணையைப் பிரின்ட் எடுத்துக் கோப்பில் வைத்தார். "இனி யாரும் நிலுவையே இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல," என்றார். அந்த வார்த்தையை நான் இன்றைக்கும் பெரிதாகவே நினைக்கிறேன். ஒரு தொகையை அரசு தன் வாயால் அவையில் சொல்லிவிட்டால் வழக்கறிஞரும் நிருபரும் சங்கத்துக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

கடிதத்தில் பக்கத்து வீட்டு போன் நம்பர் இருந்தது. சாயங்காலம் கூப்பிட்டேன். போனைக் கொண்டுபோய் அப்பத்தாவிடம் கொடுத்தார்கள். எம்.பி. ஆபீஸிலிருந்து என்றதும் அவர் முதலில் கேட்டது, "காசு எங்கய்யா நிக்குதாம்?"

"ஊர்ல எல்லாம் சரியா முடிச்சு அனுப்பிட்டாங்க அப்பத்தா. டெல்லியிலதான் நிக்குது."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பின்னால் எங்கோ ஆடு கத்தியது.

"நீயும் டெல்லியிலதானய்யா இருக்க?"

ஆமாம் அப்பத்தா என்றேன்.