தைவான் வெந்நீர் ஊற்றுகள்: முதலில் தண்ணீர், பிறகு ஊர்

வெந்நீர் ஊற்றுக் குளியலுக்காகத் தைவான் போக நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது ஓட்டல் படங்களைத்தான். மரத்தொட்டி, பின்னால் மலை, மேலே மிதக்கும் ஆவி. எல்லா ஓட்டல் படமும் ஒன்றுபோலவே இருக்கும். தொட்டியில் விழுகிற தண்ணீர்தான் ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு, இன்னோரிடத்தில் ஆப்பசோடா கரைத்ததுபோல வழவழப்பு, தெற்கே ஒரு மலையடிவாரத்தில் சாம்பல் நிறச் சேறு, கிழக்கே ஒரு குட்டித் தீவில் கடல் உப்பு. எந்தத் தண்ணீர் உங்கள் உடம்புக்கு ஒத்துவரும் என்று முடிவுசெய்த பிறகு ஊரைத் தேடுங்கள். இந்த வரிசை மாறினால் ஐந்து நாளில் ஐந்து ஊர் சுற்றி, தோல் வறண்டு, போனதைவிடக் களைத்துப்போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

பூமியின் மேலோட்டுத் தட்டுகளான பிலிப்பைன் கடல் தட்டும் யூரேசியத் தட்டும் முட்டிக்கொண்டதில் எழுந்த தீவு தைவான். 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களே இருநூற்றுக்கு மேல். உயரமான யூஷான் 3,952 மீட்டர். வடமுனையில் தைபெய் நகரத்துக்குப் பின்னால் தாதுன் எரிமலைத் தொகுதி இருக்கிறது. அதன் கந்தக ஆவி நிலத்தடி நீரில் கலப்பதால் அந்தப் பக்கத்து ஊற்றுகளில் அமிலத்தன்மை அதிகம். தீவின் மற்ற பகுதிகளில் பெரும்பாலும் கதை வேறு: மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, போகிற வழியில் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. நிறமில்லாத, வாடையில்லாத சோடியம் பைகார்பனேட் (ஆப்பசோடாதான்) நீர்தான் அங்கே அதிகம்.

வறண்ட தோல், எளிதில் அரிக்கும் தோல் உள்ளவர்களுக்கு இந்த இரண்டாம் வகைதான் சரி. கந்தக நீர் எண்ணெய்ப் பசையான தோலுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் சவரம் செய்த அன்றோ, காலில் கொசுக்கடியைச் சொறிந்த புண் இருக்கும்போதோ அதில் இறங்கினால் சுரீரென்று எரியும். கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம்.

கந்தக நீருக்கு பெய்த்தோ. தைபெய் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் பெய்த்தோ நிலையம் வரை போய், அங்கே மாறி ஒரே நிறுத்தம்: ஷின்பெய்த்தோ. வெளியே வந்ததும் அழுகிய முட்டை வாடை வழிகாட்டும். ஓடையை ஒட்டி நடந்தால் மரத்தாலான நூலகம், 1913ல் பொதுக் குளியலறையாகக் கட்டி இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் செங்கல் கட்டடம், அதைத் தாண்டி வெப்பப் பள்ளத்தாக்கு என்ற ஆவி பறக்கும் குளம். குளத்தின் நீர் பச்சைப் படிகம் மாதிரி இருக்கும், கொதிநிலையைத் தொடும் சூடு, அமில அளவு (pH, எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 1க்கும் 2க்கும் இடையே. முன்பெல்லாம் இதில் முட்டை வேகவைப்பார்கள், இப்போது தடை. ரேடியம் கலந்த பெய்த்தோ கல் என்ற கனிமத்தை 1905ல் ஓகமோட்டோ யோஹச்சிரோ கண்டெடுத்தது இந்த ஓடையில்தான். பாதுகாக்கப்பட்ட பொருள், நினைவுக்கு ஒரு கல் என்று பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அருங்காட்சியகமும் பள்ளத்தாக்கும் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

இங்குள்ள திறந்தவெளிப் பொதுக் குளியலிடம் மலிவு. மலிவு என்பதால் கூட்டம். படிப்படியாக அமைத்த தொட்டிகளில் மேலே போகப் போகச் சூடு ஏறும். புதிதாகப் போகிறவர் கீழ்த்தொட்டியில் தொடங்குவது நல்லது. நாள் முழுக்கத் திறந்திருக்காது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லாரையும் வெளியேற்றிச் சுத்தம் செய்வார்கள். அந்த இடைவேளைக்கு அரை மணி முன்னால் டிக்கெட் வாங்கினால் பணம் வீண். உடலோடு ஒட்டிய நீச்சல் உடை கட்டாயம். பருத்தி டி-சர்ட்டும் தளர்ந்த அரைக்கால் சட்டையும் செல்லாது. கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தால் மேற்பார்வையாளர் சத்தம் போடுவார்.

குளியல் முறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் முன்பதிவில் பெரும்பாலானோர் குழம்புவது இதில்தான். தைவானில் மூன்று விதம். ஆண் பெண் தனித்தனியாக, உடையே இல்லாமல் இறங்கும் பொதுக்குளம் ஒன்று. நீச்சல் உடையோடு எல்லாரும் சேர்ந்து இறங்கும் குளம் இன்னொன்று. ஓட்டல்களில் இதற்குத் தலையுறையும் கேட்பார்கள். மூன்றாவது, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனி அறை. கூச்சம் உள்ளவர்களுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் தனி அறைதான் நிம்மதி. வாடகை 60 அல்லது 90 நிமிடத்துக்கு சில நூறு தைவான் டாலரிலிருந்து இரண்டாயிரம் வரை போகும், வார இறுதியில் கூடும்.

அந்த 90 நிமிடம் எங்கே போகிறது என்று பாருங்கள். அறைக்குள் போனால் தொட்டி பெரும்பாலும் காலியாக இருக்கும். நீங்கள்தான் அடைப்பை மாட்டி இரண்டு குழாயையும் திறக்க வேண்டும். ஊற்றுக் குழாயில் வருவது கை பொறுக்காத சூடு. இரண்டு பேர் உட்காரும் கல்தொட்டி நிரம்பக் கால் மணி, இருபது நிமிடம் ஆகும், அதுவும் வாடகை நேரத்தில் கணக்கு. ஆகவே வந்தவுடன் முதல் வேலை குழாயைத் திறப்பது. உடை மாற்றுவதும் தலைமுடியைக் கட்டுவதும் அது நிரம்பும்போது. முழங்கையை விட்டுப் பார்த்து 40 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுக் குழாயை லேசாக ஒழுக விட்டால் சூடு குறையாது. கந்தக நீர் அறையில் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாடைக்கு மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும்; வாடை போய்விட்டது என்றால் வாயுவும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும், இது எங்கேயும் மாறாத விதி. பிறகு கால், முழங்கால், இடுப்பு என்று மெதுவாக. பத்துப் பதினைந்து நிமிடம் போதும், வெளியே வந்து தண்ணீர் குடித்து ஆறி, மறுபடியும் ஒரு முறை. நாளுக்கு இரண்டு குளியலுக்கு மேல் வேண்டாம். காசு கொடுத்தாயிற்றே என்று நாலைந்து முறை இறங்குகிறவர்கள்தான் மூன்றாம் நாள் தலை கிறுகிறுத்துப் படுக்கிறார்கள். சாப்பிட்ட உடனேயும் மது குடித்த பிறகும் கூடாது. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொட்டியிலிருந்து எழும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழ வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைக் காலால் சோதிக்கவே கூடாது.

அப்புறம் மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண். கந்தக நீரில் வெள்ளி சில நிமிடத்தில் கறுத்துவிடும். செம்பும் அப்படித்தான். செம்பும் வெள்ளியும் கலந்த 22 காரட் தங்கமும் மங்கலாம். அறையிலேயே கழற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு வைப்பது உத்தமம். கழற்ற மனம் வராதவர்கள் கந்தக ஊரை விட்டுவிட்டு நேரே பைகார்பனேட் ஊருக்குப் போகலாம். மறந்து கறுத்துவிட்டால் பயப்பட வேண்டாம்: அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சோடா உப்பும் போட்டு வெள்ளியைத் தாளில் படும்படி வைத்தால் கறுப்பு இறங்கும்.

பெய்த்தோவுக்கு ஒன்று அல்லது இரண்டு இரவு போதும். ஓய்வுக்கான ஊர் ஜியாவ்ஷி. கிழக்கே யிலான் மாவட்டத்தில் சமவெளியில் ஊற்று வரும் ஊர் என்பதால் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஓட்டலுக்குப் போகலாம். முதியவர்களை அழைத்துப்போக இதைவிட வசதியான இடம் கிடையாது. பைகார்பனேட் நீர், குளித்த பிறகு தோல் மெழுகு போல வழுக்கும். கழுவ வேண்டியதில்லை, ஒற்றித் துடைத்துத் தேங்காயெண்ணெயோ க்ரீமோ தடவினால் போதும். (கந்தக நீர் என்றால் கட்டாயம் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.) தெருவோரப் பூங்காவில் கால் நனைக்கும் ஓடை உண்டு. வெந்நீர் ஊற்றில் வளர்த்த வள்ளைக்கீரை இங்கே பிரசித்தம், பூண்டு போட்டு வதக்கித் தருவார்கள். காலாற நடக்க வூஃபெங்ச்சி அருவி. தைபெய்யிலிருந்து பேருந்து 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள ஷுவேஷான் சுரங்கப்பாதை வழியாக ஒரு மணி நேரத்தில் வரும். ஆனால் சனிக்கிழமை காலையிலும் ஞாயிறு மாலையிலும் அந்தச் சுரங்கம் நெரிசலுக்குப் பேர்போனது. அந்த நேரங்களில் ரயிலைப் பிடியுங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளில் அறை வாடகையும் குறைவு.

மூன்று இரவு ஜியாவ்ஷி, பிறகு அதே ரயில் தடத்தில் தெற்கே தைதுங் போய், அங்குள்ள வெந்நீர் ஊற்று ஊரான ஜிபென்னில் இரண்டு இரவு. காட்டுப் பூங்கா, ஆலமரங்கள், குரங்குகள், பக்கத்தில் ஆறு. ஆறு இருக்கும் பக்கம் மழைக்காலத்தில் தங்காதீர்கள். 2009 ஆகஸ்டில் மொராகோட் புயலின்போது கரை அரித்து ஆறு மாடி ஓட்டல் ஒன்று அப்படியே ஆற்றில் சாய்ந்தது இங்கேதான். தைதுங் பக்கம் போகும் விரைவு ரயில்களுக்கு 28 நாள் முன்பு முன்பதிவு திறக்கும், வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். திரும்பி வர அதே வழி வேண்டாம்: தைதுங்கிலிருந்து தெற்கு இணைப்புத் தடத்தில் ஷின்ஸோயிங் வந்து அதிவேக ரயிலுக்கு மாறலாம். சாதாரண ரயிலுக்கு ஷின்ஸோயிங், அதிவேக ரயிலுக்கு ஸோயிங், பெயர்தான் இரண்டு, இடம் ஒன்றுதான்.

பச்சைத் தீவின் கடல்நீர் ஊற்று பார்க்க அழகுதான், ஆனால் ஓய்வுப் பயணத்தில் சேர்க்க மனம் வரவில்லை. தைதுங் பக்கத்து ஃபூகாங் துறையிலிருந்து ஒரு மணிக்குக் குறைவான படகுப் பயணம், குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்றில் படகு ஆடும் ஆட்டத்துக்குப் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். பல நாள் படகே ஓடாது. தெற்கே உள்ள குவான்ஸிலிங் சேற்று ஊற்று ஒரு நாள் அனுபவம், வெளிர் நிற நீச்சல் உடை மட்டும் வேண்டாம். தைபெய்க்குத் தெற்கே மலையில் உள்ள வூலாய் ஊரின் ஆற்றங்கரை இலவசத் தொட்டிகளைப் பற்றிப் பழைய பயணக் குறிப்புகள் இன்னும் பேசும், அவை அகற்றப்பட்டுவிட்டன.

காலம்: நவம்பரும் மார்ச்சும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல், டிசம்பர் ஜனவரியில் யிலானில் ஓயாத தூறல், சீனப் புத்தாண்டு வாரத்தில் ரயிலும் அறையும் கிடைக்காது. சைவர்களுக்குக் கவலை வேண்டாம், சுவஸ்திகைக் குறி போட்ட கடை என்றால் சைவம். வெங்காயம் பூண்டுகூட இருக்காது, கையோடு ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யுமுன் அரசின் வெந்நீர் ஊற்றுச் சான்று வில்லை அந்த ஓட்டலுக்கு உண்டா என்று பாருங்கள், குழாய்த் தண்ணீரைச் சூடாக்கித் தருகிற இடங்களிலிருந்து அது காப்பாற்றும்.

கந்தக ஊரில் போட்ட நீச்சல் உடையையும் துண்டையும் தனிப் பையில் கட்டிவிடுங்கள். இரண்டு துவைப்புக்குப் பிறகும் வாடை போகாது. மற்ற துணியோடு சேர்த்து வைத்தால் பெட்டி முழுக்க முட்டை நாறும்.