அலகுக்குக் கீழே பாருங்கள்

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலை முடிந்து சோலை தொடங்கும் ஓரத்தில், விடிந்ததும் சிரிப்பான் பறவைகள் ஆரம்பித்துவிடும். ஒன்று குரல் கொடுத்தால் போதும், கூட்டமே சேர்ந்துகொள்ளும். சத்தம்தான் இருக்கும், ஆள் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் பழம் கொத்த ஒன்று கிளை நுனிக்கு வரும். வெள்ளைப் புருவம், அலகுக்குக் கீழே கறுப்பு, மார்பும் வயிறும் செம்பழுப்பு. இதுதான் நீலகிரிச் சிரிப்பான். கீழே ஊர்ப்பக்கம் கும்பலாகக் கத்தித் திரியும் தவிட்டுக்குருவியும் இதே குடும்பம்தான்.

கொடைக்கானலில் அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு வருவது வேறு ஆள்: பழனிச் சிரிப்பான். மார்பு சாம்பல், வயிறு மட்டும் செம்பழுப்பு, புருவம் கண்ணைத் தாண்டி நீளும். தெற்கே அகத்தியமலைப் பக்கம் அஷாம்புச் சிரிப்பான். அதன் புருவம் குட்டை. வயநாட்டின் உயரமான மலைகளில் பாணாசுரச் சிரிப்பான்; அதற்கும் மார்பு சாம்பல்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. சாம்பல் மார்புள்ள மூன்றையும் ஒரே இனமாகவும், செம்பழுப்பு மார்புள்ள நீலகிரிப் பறவையைத் தனியாகவும் வெகுகாலம் வைத்திருந்தார்கள். பார்த்தால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் பாணாசுரப் பறவையின் அலகுக்குக் கீழே பாருங்கள், நீலகிரியில் இருக்கும் அதே கறுப்பு! தெற்கே உள்ள இரண்டுக்கும் அது கிடையாது. மரபணுவும் அதையே சொல்கிறது. நீலகிரியும் பாணாசுரமும் நெருங்கிய சொந்தம், பழனியும் அஷாம்புவும் நெருங்கிய சொந்தம். 2017-இல் வெளியான ஆய்வு நான்கையும் மாண்டிசின்க்லா என்ற புதிய பேரினத்தில் சேர்த்தது.

இந்த இரண்டு ஜோடிகளுக்கும் நடுவில் கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். அகலம் சுமார் 30, 40 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துச் சமாசாரம். ஆனால் குளிர்ந்த மலையுச்சியை விட்டு இறங்காத பறவைக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடலேதான். தெற்கே செங்கோட்டைக் கணவாய் பழனியையும் அஷாம்புவையும் பிரித்து வைத்திருக்கிறது.

அதனால் புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களிடம், முதலில் எந்த மலையில் நிற்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். அப்புறம் அலகுக்குக் கீழே, அதற்குப் பிறகு புருவம். மார்பு நிறம் கடைசியில். நீலகிரியில் சிரிப்பானைப் பார்ப்பது சுலபம். பாணாசுரத்துக்குத்தான் மலையேற வேண்டும். நான்கில் அதற்கு இருக்கும் இடமும் மிகக் குறைவு, சில சிகரங்களின் தலைப்பகுதிச் சோலைகள் மட்டுமே. அங்கே போனால் தயவுசெய்து போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள்.