மூவாயிரம் லிட்டர் தண்ணீரும் ஒரு தார்சும்

சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யல் கரைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்தில் 1,100 சதுரடிக்கு எழும்பிய வீட்டின் சுவர்கள், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலைத் தாண்டிவிட்டன. அடுத்தது தார்சு, அதாவது கான்கிரீட் மேல்தளம். ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொடக்கூடாது என்பது அமுச்சியின் (அம்மாவின் அம்மா) கட்டளை என்பதால், ஆனி முடிவதற்குள் கான்கிரீட் போட்டாக வேண்டும். ஒரே பகலில் முடிந்துவிடும் வேலைக்கு இரண்டு மாதமாக நான் நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். சுவரில் தவறு நேர்ந்தால் இடித்துக் கட்டிக்கொள்ளலாம். தளத்தில் அந்த வசதி கிடையாது.

பொறியாளர் வரைந்து கொடுத்த தாளின்படி தளத்தின் கனம் 5 அங்குலம். 12 அடிக்கு 15 அடி அறைகளில் நீளம் அகலத்தின் இரண்டு மடங்கைத் தாண்டாததால் பாரம் நான்கு சுவர்களுக்கும் பகிர்ந்து இறங்குகிறது. அங்கே இரு திசைக் கம்பிகளும் பாரம் சுமப்பவை. நடைபாதையோ 5 அடிக்கு 14 அடி. அங்கே அகலவாட்டில் போகும் கம்பிதான் முதன்மையானது. அது அடியில் கிடக்க, நீளவாட்டுக் கம்பியை அதன் மேல் கட்ட வேண்டும். நீளமான கம்பிதான் பலம் என்று எண்ணி இதைத் தலைகீழாகக் கட்டியிருந்ததை இரண்டு கட்டடங்களில் நானே பார்த்திருக்கிறேன்.

கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அதற்குக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டையை வைக்காமல் கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டைச் சொருகிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டின் பழைய தார்சில் பூச்சு பெயர்ந்து விழுந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து, பொரிந்துபோய்த் தெரிகிறது. அதன் அடியில் அரை அங்குலம்கூட மூடல் இல்லை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. அந்த வீட்டைக் கட்டியபோது கலவைக்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினார்கள் என்று மாமா சொன்ன பிறகுதான் எனக்குத் தண்ணீரைப் பற்றிய கவலை பிடித்தது.

எங்கள் பக்கத்துத் தண்ணீரின் கதை ஊரறிந்தது. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கழிவைச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடும்படி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் போர் தண்ணீரோ இன்றைக்கும் வாயில் வைத்தால் கரிக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456இன்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்க, குளோரைடு அதைத்தான் உடைக்கிறது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் எங்கள் தண்ணீர் 500ஐத் தாண்டியிருந்தது.

தோட்டத்துக்கு வரும் இட்டேரிப் பாதை குறுகலாக இருப்பதால் கலவையைத் தயாராகக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி உள்ளே வராது; மிஷினில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற எம்20 கலவையைத்தான் போட இருக்கிறோம். 1,100 சதுரடிக்கு 5 அங்குலம் என்றால் ஏறக்குறைய 458 கன அடி, அதாவது 13 கன மீட்டர். கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை வீதம் 104 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். இந்தக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர்தான் தண்ணீரின் உச்ச வரம்பு. மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம் லிட்டர். கம்பிக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் லாரியில் காவிரித் தண்ணீர் வாங்குவது ஒரு செலவே இல்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு உப்புத் தண்ணீரோடு சமாதானம் செய்துகொள்ள எனக்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

மேஸ்திரிக்கு 30 லிட்டர் என்பதே வருத்தம். “கொஞ்சம் சேத்தி ஊத்துனாத்தானுங்க பரவும்” என்றார். அப்படிச் சேர்த்த தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும் இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும் என்றும், பரவுவதற்குக் கலவையை அதிரவைக்கும் வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். எம்சாண்ட் என்ற செயற்கை மணல் ஈரமாக வந்தால் அந்த ஈரமும் 30 லிட்டருக்குள்ளேயே அடங்க வேண்டும்.

எனக்கு மிச்சமிருக்கும் பெரிய பயம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் அடிக்கும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் காற்று, இறுகாத கான்கிரீட்டின் மேல் ஈரத்தை, உள்ளிருந்து நீர் மேலேறி வருவதைவிட வேகமாக உறிஞ்சிவிட்டால், போட்ட சில மணி நேரத்திலேயே தளத்தில் கோடு கோடாக வெடிப்பு விழும். ஆகவே விடிவதற்குள் மிஷினை ஓடவிடுவது, மேற்குப் பக்கம் பச்சை வலையைத் தார்ப்பாயோடு கட்டுவது, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளை முன்கூட்டியே நனைத்து வைப்பது, மட்டம் தட்டிய பகுதியை உடனுக்குடன் பாலித்தீன் தாளால் மூடுவது என்று முடிவாகியிருக்கிறது. மறுநாள் வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவோம். மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிப் பழகிய ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2 அங்குலம் நிறுத்த ஒரு தடவைக்கு 5,000 லிட்டருக்கு மேல் ஆகும். பிபிசி (போர்ட்லண்ட் பொசொலானா) என்ற கலப்பு சிமெண்ட் என்பதால் 10 நாள் கட்டாயம், 14 நாள் நல்லது; அதற்கும் காவிரித் தண்ணீர்தான்.

மின்குழாய்களும் ஃபேன் பெட்டிகளும் தாளில் குறித்தபடி கம்பியோடு கட்டப்பட்டு, புகைப்படமும் எடுத்தாயிற்று. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் என்றால் இந்த அளவு அறைகளில் முட்டுகளை 7 நாளில் பிரிக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது; எங்களுடையது பிபிசி என்பதால் 14 நாள் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். முட்டுகளை வாடகைக்குக் கொடுத்தவர் முகம் சுளித்தார். நேற்று மாலை 15 லிட்டர் பக்கெட் இரண்டை அளந்து, உள்பக்கம் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டு மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோட்டைக் கொஞ்சம் மேலே போட்டிருக்கலாமே என்று கேட்டார்.