கட்டும் மேசையில் கற்ற கணக்கு

குன்னூரில் டீத்தூள், நீலகிரித் தைலம், வர்க்கி, வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் ஆகியவற்றை விற்கும் ஒரு சிறிய கடைக்கு இணையக் கடை அமைத்துத் தரும் பணியில் சேர்ந்தபோது, பொருள்களைப் படமெடுத்து விவரம் எழுதுவதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது பத்து நாளில் முடிந்தது. எந்தப் பொருளை எந்தப் பெட்டியில், என்ன கட்டணத்துக்கு, எந்த ஊர் வரை அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் அமைப்புப் பக்கத்தைச் சீர்செய்ய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

நாங்கள் பயன்படுத்தியது இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்ற மென்பொருள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எடை, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் குறிக்க இடம் உண்டு. நான் முன்னறையில் கணினி முன் அமர்ந்து, பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருந்த எடையைப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். 250 கிராம் டீத்தூளுக்கு 0.25 கிலோ என்று பதிந்தேன். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவுச் சட்ட விதிகளின்படி பாக்கெட்டில் அச்சிட வேண்டியது நிகர எடை, அதாவது உள்ளே இருக்கும் தூளின் எடை மட்டுமே. கூரியர்காரர் நிறுத்துப் பார்ப்பதோ பையையும் அட்டைப்பெட்டியையும் காகித நிரப்பையும் டேப்பையும் சேர்த்து. இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்காமலேயே கடையைத் திறந்துவிட்டோம்.

முதல் மாதக் கூரியர் பில் வந்தபோதுதான் கணக்கு இடித்தது. வாடிக்கையாளரிடம் நாங்கள் வாங்கிய கட்டணத்தைவிடக் கூரியருக்குக் கொடுத்தது கணிசமாகக் கூடுதலாக இருந்தது. அன்று மாலை பின்னறைக்குச் சென்று, பொட்டலம் கட்டும் அக்காவின் பக்கத்தில் தராசை வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தோம். ஒரு பாக்கெட் டீத்தூள் பெட்டியோடு 400 கிராம் வந்தது. அது 500 கிராம் வரையிலான கட்டண அடுக்குக்குள் அடங்கியது. இரண்டு பாக்கெட் 650 கிராம். என் கணக்கில் அது சரியாக 500 கிராம்தான், ஆனால் கூரியரின் கணக்கில் அது ஒரு கிலோ அடுக்கு. மூன்று பாக்கெட் பெட்டியோடு 910 கிராம், அதுவும் அதே ஒரு கிலோ அடுக்கு. ஆக, இரண்டு வாங்குபவரும் மூன்று வாங்குபவரும் செலுத்த வேண்டிய கட்டணம் ஒன்றே. எடைகளைத் திருத்தியதோடு நிறுத்தாமல், மூன்றாவது பாக்கெட்டைச் சேர்த்தாலும் கூரியர் கட்டணம் கூடாது என்ற ஒரு வரியையும் பொருளின் பக்கத்தில் எழுதி வைத்தேன். நான் அந்தக் கடைக்காக எழுதிய வரிகளிலேயே வாங்குபவருக்கு மிகவும் பயன்பட்டது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

வர்க்கி வேறொரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி, கையில் எடுத்தால் கனமே தெரியாத, விரல் அழுந்தினால் நொறுங்கிவிடுகிற பண்டம். அரைக்கிலோ வர்க்கியை உடையாமல் அனுப்ப வேண்டுமே என்று 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தோம். கூரியர் நிறுவனங்கள் மெய்யான எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி வண்டியில் அடைக்கும் இடத்தையும் எடையாக்கிப் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. மூன்று அளவுகளையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். அதன்படி எங்கள் பெட்டி 1.8 கிலோ. அரைக்கிலோப் பண்டத்துக்கு இரண்டு கிலோக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. பல அளவுகளை வெட்டி ஒட்டிப் பார்த்து, கடைசியில் 25, 16, 12 என்ற அளவுக்கு வந்தோம், அது 0.96 கிலோ. அந்தப் பெட்டியில் வர்க்கியை எப்படி அடுக்கினால் அசையாது என்று கண்டுபிடித்தது நான் அல்ல, அக்காதான். வர்க்கியைப் படுக்கை வசமாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளியில் நறுக்கிய காகிதத்தைத் திணித்தார்.

ஆனால் எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் உறுத்திய தவறு தைலத்தில் நேர்ந்தது. டீத்தூளும் தைலமும் சேர்த்து ஆர்டர் வந்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் கட்டணம் மிச்சமாகுமே என்று நான்தான் யோசனை சொன்னேன். “தம்பி, ரெண்டையும் ஒண்ணா வெக்காதீங்க, தைல வாசம் தூள்ல ஏறிடும்” என்று அக்கா அன்றே சொன்னார். பாட்டில் நன்றாக மூடியிருக்கிறதே என்று நான் கேட்கவில்லை. தேயிலை ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. நீலகிரித் தைலமோ மூடியின் இடுக்கு வழியாகவும் ஆவியாகிப் பரவக்கூடியது. இரண்டும் ஒரு பெட்டியில் நான்கு நாள் பயணம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை. சென்னையிலிருந்து ஒரு வயதான அம்மா, டீ போட்டால் நெஞ்சில் தடவும் மருந்தின் வாசம் வருகிறது என்று மிகவும் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், புதிய தூளும் அனுப்பினோம். அவருடைய தயக்கம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகே ஷிப்பிங் வகுப்பு என்ற வசதி எதற்காக இருக்கிறது என்பது எனக்கு உண்மையில் விளங்கியது. பொருள்களை வகுப்புகளாகப் பிரித்து, ஓர் ஆர்டரில் இரண்டு வகுப்புகள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் சேர்ப்பதா, அல்லது அதிகமான ஒன்றை மட்டும் எடுப்பதா என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். நான் முன்பு இரண்டாவதைத் தேர்ந்திருந்தேன். அதன் பொருள் ‘எல்லாம் ஒரே பெட்டி’ என்பது. தைலத்தைத் தனி வகுப்பாக்கி முதல் முறைக்கு மாற்றினேன். தைலம் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அதை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே அந்த வகுப்புக்குத் தரைவழி மட்டும் என்று வைத்து, தரைவழியில் சென்றடைய முடியாத, 744 என்று தொடங்கும் அந்தமான் நிக்கோபார் அஞ்சல் குறியீடுகளுக்குத் தைலம் விற்பதை நிறுத்தினோம்.

எந்த ஊர்களுக்கு என்ன கட்டணம் என்று பிரித்து வைக்கும் மண்டலங்களை அமைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வூகாமர்ஸ் மண்டலப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் மண்டலத்தோடு நின்றுவிடும். நான் தமிழ்நாட்டை மேலேயும், 643 என்று தொடங்கும் நீலகிரிக் குறியீடுகளை அதற்குக் கீழேயும் வைத்திருந்தேன். விளைவு, சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோத்தகிரிக்காரரிடமும் சென்னைக் கட்டணமே கேட்டது. நீலகிரியை மேலே இழுத்துவிட்டதும் சரியானது. சொந்த மாவட்டத்துக்காரரிடம் இரண்டு வாரம் கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

மலையின் உயரமும் பெட்டிக்குள் செல்கிறது. கீழிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட்டுகள் இங்குள்ள கடைகளில் பந்துபோல் உப்பித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாக்கெட்டுக்கு நடப்பது அதன் மறுபக்கம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். இங்கே ஒட்டிய பை பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் உள்ளொடுங்கிவிடும். பை ஓட்டையாகிக் காற்று போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டுப் பலர் எழுதினார்கள். பெட்டிக்குள் காரணத்தை விளக்கும் சிறு சீட்டு ஒன்றை வைக்கத் தொடங்கியதும் அந்தக் கேள்வி நின்றது.

நிரப்புப் பொருளைப் பற்றிக் கடையில் நீண்ட விவாதம் நடந்தது. குமிழிப் பிளாஸ்டிக் மலிவானது, கனமற்றது, ஈரம் பிடிக்காதது. ஆனாலும் நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான கட்டுப்பாடு, 2019 ஜனவரி 1-இல் மாநிலம் முழுவதற்கும் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. சோதனைச் சாவடியில் சுற்றுலா வருவோரின் பையைத் திறந்து பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்ளும் மாவட்டத்திலிருந்து, பெட்டி நிறையப் பிளாஸ்டிக்கை அடைத்து வெளியூருக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை, முதலாளிக்கும் அப்படியே. காகிதத்துக்கே வந்தோம். காகிதத்துக்கும் அட்டைக்கும் பகை மூடுபனி. ஈரம் ஏறிய மூன்றடுக்கு அட்டை தன் உறுதியை இழந்து, மேலே வேறு பெட்டி ஏறினால் நசுங்கிவிடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் தைலத்துக்கு ஐந்தடுக்கு அட்டை என்று மாற்றினோம். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் அடுக்கினோம். அட்டையின் எடை கூடுவதால் அந்த மாதங்களில் பதிவு செய்த எடையையும் மாற்ற வேண்டியிருந்தது.

பரிசுப் பெட்டி என்ற விருப்பத்தைச் சேர்த்தபோது அதன் விலையை மட்டும் கூட்டினேன், அளவை மறந்தேன். வர்க்கியில் செய்த பிழையேதான் அது, ஒரு வாரத்தில் திருத்திவிட்டேன். வரியைப் பொறுத்தவரை, பொருளோடு சேர்த்து வாங்கும் அனுப்பும் கட்டணத்துக்கும் அந்தப் பொருளின் ஜிஎஸ்டி விகிதமே பொருந்தும் என்று கணக்காளர் சொன்னார். அதற்கான தேர்வு அமைப்பிலேயே இருந்தது.

வந்து சேரும் நாள்களைப் பற்றிய வாக்குறுதியை மட்டும் ஒரு முறை எழுதிவிட்டு மறந்துவிட முடியவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் வண்டிகள் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகும். சில நாள் எதுவுமே போகாது. அந்த மாதங்களில் காலையில் சாலை நிலவரத்தைக் கேட்டு, ‘மூன்று நாள்’ என்பதை ‘ஐந்து நாள்’ என்று திருத்துவது என் முதல் வேலையாயிற்று.

சாக்லேட்டுக்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. எங்கள் ஊர்க் குளிரில் கல்லாக இருக்கும் கட்டி, கோடையில் மலையடிவாரம் தொட்டதும் இளகத் தொடங்கி, மீண்டும் இறுகும்போது வெள்ளை பூத்துவிடுகிறது. குளிர்ப் பை வைத்துப் பார்த்தோம். எடை கூடியதே தவிர, இரண்டாம் நாளில் அதன் குளிர் தீர்ந்துவிட்டது. ஒரு பொருளைக் குறிப்பிட்ட மண்டலத்துக்கு மட்டும் விற்க வூகாமர்ஸின் அடிப்படை அமைப்பில் வழியில்லாததால் அதற்கெனக் கூடுதல் வசதி தரும் நீட்சி நிரல் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். மார்ச் முதல் வாரத்தில் அதைத் திறந்து சாக்லேட்டை 643-க்குள் சுருக்கி வைப்பேன். ஜூன் மழை இறங்கி, முதல் பெட்டியைக் கோயம்புத்தூரில் உள்ள ஒரு பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பி, அது முழுதாகப் போய்ச் சேர்ந்தது என்று அவர் அக்காவிடம் சொன்ன பிறகுதான் 641 என்று தொடங்கும் கோயம்புத்தூர்க் குறியீடுகளைத் திறப்பேன்.