கூடத்தில் பரப்பிய நூறு தாள்கள்

எம்.எஸ்சி. கணிதம் கடைசி செமஸ்டரில், ஒரு கூட்டம் எப்படித் திரள்கிறது என்பதைக் கணக்காக எழுத முடியுமா என்று பார்ப்பதுதான் என் புராஜெக்ட். நான்கு மாதம் பிடித்தது. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நோய்ப் பரவலுக்கான சமன்பாடுகளை எடுத்தேன். கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927இல் எழுதியவை. தொற்றியவர், தொற்றாதவர், மீண்டவர் என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டால் வதந்திக்கும் அதே கணக்குப் போடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து வழிகாட்டி மேடத்திடம் காட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க வீட்ல எல்லாரும் ஒரு விஷயத்தை ஒரே மாதிரியாம்மா நம்புவாங்க?" இல்லை. அப்பாவிடம் நாலு பேர் சொல்ல வேண்டும். சித்திக்கு ஒருவர் சொன்னாலே போதும். என் சமன்பாட்டில் அந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை.

அப்புறம்தான் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் எழுதிய கட்டுரையை மேடம் கொடுத்தார். அதில் முக்கிய உதாரணம் கலவரம். எத்தனை பேர் இறங்கிய பிறகு நான் இறங்குவேன் என்பதுதான் ஒவ்வொருவருக்கும் உரிய எண். யாரும் இல்லாவிட்டாலும் இறங்குபவருக்கு 0. ஒருவர் இறங்கினால் போதும் என்பவருக்கு 1. இதை நான் 'வரம்பு' என்று எழுதிக்கொண்டேன்.

கணினியைத் தொடுவதற்கு முன் கையால் போட்டுப் பார்க்கச் சொன்னார் மேடம். கிழித்த காலண்டர் தாள்களில் 0 முதல் 99 வரை எழுதி, ஃபேனை நிறுத்திவிட்டு, வீட்டுக் கூடத்தில் பரப்பினேன். 0 தாளைக் கவிழ்த்தேன். ஒருவர் இறங்கியாயிற்று, அதனால் 1 கவிழ்ந்தது. இருவர் ஆனதும் 2. இப்படியே நூறு தாளும் கவிழ்ந்தன. மறுபடி எல்லாவற்றையும் நிமிர்த்தி, 1 என்ற தாளை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு 2 வைத்தேன். 0 கவிழ்ந்தது. அடுத்து 1 இல்லை. அதோடு நின்றுவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, "ரெண்டு கூட்டமும் ஒண்ணுதானேக்கா?" என்றாள். தொண்ணூற்றொன்பது தாள் அதேதான். ஆனால் முதலாவதைப் பார்க்கும் பத்திரிகை கலவரக் கும்பல் என்று எழுதும். இரண்டாவதில், நல்ல குடிமக்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு விஷமி ஜன்னலை உடைத்தான் என்று எழுதும். கிரானோவெட்டரே இதைச் சொல்கிறார். படித்தபோது தலையாட்டினேன், தரையில் பார்த்தபோதுதான் உறைத்தது. நடந்ததை மட்டும் வைத்து அங்கே இருந்தவர்களின் மனதை அளந்துவிடுகிறோமே, அது எவ்வளவு பெரிய தவறு!

அடுத்து பைத்தான் மொழியில் கணினி நிரல். நூறு பேருக்கு வரம்பின் சராசரி 25, இயல்நிலைப் பரவல் (பெரும்பாலோர் சராசரியை ஒட்டி, விலக விலகக் குறைவானவர்கள்) என்று வைத்துக்கொண்டு திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை, மட்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கிரானோவெட்டரின் சமன்பாட்டின்படி, விலக்கம் 10 இருக்கும்போது இறங்குபவர் ஒருவர்தான். 12.2 வரை மெல்ல ஏறி ஆறு பேர் அளவுக்கு வருகிறது. அதைத் தாண்டியதும் ஏறத்தாழ எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். சராசரி மனிதரின் வரம்பு அதே 25தான். பரவல் துளி விரிந்ததற்கே இப்படி.

என் நிரலிலோ அந்தத் தாவல் வரவில்லை, வழவழவென்று ஒரு வளைகோடுதான் வந்தது. இரண்டு வாரம் பிழை தேடினேன். நிரலில் பிழை இல்லை. ஒவ்வொரு விலக்கத்துக்கும் ஆயிரம் முறை ஓட்டிச் சராசரி எடுத்திருந்தேன், கோளாறு அங்கேதான் இருந்தது. 12.2இல் அந்தச் சராசரி பாதிக்கும் கீழே ஓர் எண்ணைக் காட்டியது. அந்த ஆயிரத்தையும் வரைபடமாகப் போட்டால் இரண்டு குவியல்கள்: பெரும்பாலும் ஒரு கையளவு ஆட்களோடு நின்றவை ஒருபக்கம், நூறை ஒட்டிப் போனவை இன்னொரு பக்கம். நடுவில் வெறிச்சென்று இருந்தது. நான் சராசரி என்று காட்டிய கூட்டம் ஒருமுறைகூட உருவாகவே இல்லை. தயவுசெய்து முதலில் பரவலை வரைந்து பாருங்கள், சராசரியெல்லாம் அப்புறம்.

கடைசியாக, வரம்பை நிஜமாக அளக்க ஆசைப்பட்டு வகுப்பில் கேட்டேன்: "எத்தனை பேர் எழுந்து வெளியே போனால் நீயும் போவாய்?" சிலர் எண் சொன்னார்கள். நிறையப் பேர் பெயர் சொன்னார்கள். "அவ போனா நானும் போவேன், வேற யார் போனாலும் அசைய மாட்டேன்." கிரானோவெட்டர் இதற்கும் இடம் வைத்திருக்கிறார். நண்பர் ஒருவர் என்றால் தெரியாதவர் இருவருக்குச் சமம் என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நான் நண்பர்களைக் கோடுகளால் இணைத்து மறுபடி ஓட்டினேன். அதே நூறு எண்கள்தான். யார் யாருக்கு நண்பர் என்பதை மட்டும் கலைத்துப் போட்டேன். முடிவுகள் தலைகீழாயின.

வைவாவில் அதிகக் கேள்வி வந்ததும் அந்தப் பக்கத்தில்தான். இப்போது அதையே தனியாக எடுத்துச் செய்துகொண்டிருக்கிறேன்.