லூயிஸ் தீவில் ஆறு ஏக்கரும் ஒரு தறியும்

ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே லூயிஸ் தீவில் எங்களுக்கு ஆறு ஏக்கர் குரோஃப்ட் இருக்கிறது. குரோஃப்ட் என்றால் சிறு குத்தகை நிலம். 1886-இல் வந்த சட்டத்தால் குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. வாடகையும் குறைவுதான். அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். நாலாபுறமும் சட்டதிட்டம் சூழ்ந்த துண்டு நிலம்தான் குரோஃப்ட் என்று இங்கே ஒரு பழைய கேலி உண்டு. நிலத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது.

சும்மா போடவில்லை, செம்மறி ஆடு வாங்கினோம். இருபது பெட்டை. ஊர்ப் பொது மேய்ச்சலில் எங்கள் பங்குக்கு அவ்வளவு விடலாம். இலையுதிர் காலத்தில் குட்டிகளைத் தீவின் பெரிய ஊரான ஸ்டோர்னோவேயில் நடக்கும் ஏலத்துக்கு ஓட்டிப்போனோம். பாசி மக்கிச் சேர்ந்த இந்தச் சதுப்பு பூமியில் குட்டியைக் கொழுக்கவைக்கப் புல் போதாது. மெலிந்த குட்டியைக் கடலுக்கு அப்பால், ஸ்காட்லாந்துப் பெருநிலப்பரப்பில் இருக்கும் பண்ணைக்காரர்கள் வாங்கிப்போய் வளர்ப்பார்கள். கப்பல் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார்கள். தீவனம், மருந்து, கப்பலில் வந்த வைக்கோல் எல்லாம் போக 200 பவுண்டு மிஞ்சியது. எங்கள் உழைப்புக்கான கூலியை அதில் கழிக்கவில்லை.

அடுத்து வேலி. செலவில் பெரும்பகுதிக்கு அரசு மானியம் உண்டு. ஆனால் ஒப்புதல் கடிதம் வருமுன் ஒரு கம்பம்கூட நடக்கூடாது. நாங்கள் நட்டுவிட்டோம், மானியம் போச்சு. தவறு எங்களுடையதுதான். என்றாலும், மழை விட்ட இரண்டு நாளை லூயிஸில் யார் வீணாக்குவார்கள்?

பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் கீரை வைத்தோம். முதல் ஜனவரிப் புயலிலேயே அது கிழிந்து பறந்தது. பிறகுதான் ஷெட்லாந்துத் தீவுக்காரர்கள் செய்யும் கூடாரத்தைப் பற்றித் தெரிந்தது. சால்மன் பண்ணையில் கழித்துப்போட்ட குழாய்களை வளைத்து, மேலே பாலிகார்பனேட் தகடு அடித்திருப்பார்கள். அப்படி ஒன்றைப் போட்டோம், அது இன்னும் நிற்கிறது. புயலில் கப்பல் வராத வாரம் கடையில் பச்சை இலையே இருக்காது. அந்த வாரம்தான் எங்கள் வியாபாரம். கேட்டருகே ஒரு மேசை, அதன்மேல் கீரை, முட்டை, காசு போட ஒரு டப்பா. கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேசையை எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். ஓய்வு நாளில் இந்த ஊர் வாங்காது, விற்பதையும் விரும்பாது.

உண்மையில் வீட்டை ஓட்டுவது கொட்டகையில் இருக்கும் தறி. ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியை லூயிஸ் உள்ளிட்ட இந்தத் தீவுகளில் வாழ்பவர்கள் தங்கள் வீட்டிலேயே, கையால் நெய்ய வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். பாவு நூலையும் ஊடு நூலையும் ஆலையே கொண்டுவந்து இறக்கிவிடும், நெய்ததை எடுத்துப்போகும், நீளத்துக்குக் கூலி. தறியைச் சைக்கிள் மாதிரி காலால் மிதிக்க வேண்டும். முதல் மாதம் முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், வெளியே வேலை கிடையாது. அப்போது மிதிப்பதுதான் கோடைக்கும் சேர்த்துச் சோறு.

ஆடுகளை எட்டாகக் குறைத்துவிட்டோம். முரட்டுக் கம்பளி அவற்றுக்கு, தறிக்கு ஆகாது. போன வருடம் கத்தரித்ததை விற்ற காசு, கத்தரித்தவருக்குக் கொடுக்கவே போதவில்லை.